எலெக்ட்ரோடு மடங்கிவிட்டது: டாக்டர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 58 வயது. பத்து வருடமாகவே காது மந்தம். கடைசியில் காது மெஷினும் பயன்படாமல் போனதால், இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் காக்லியர் இம்ப்ளாண்ட் (காது நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் கருவி) வைத்தார்கள். சத்தம் கேட்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை. டாக்டரைக் கேட்டால் "ஆளுக்கு ஆள் மாறும்" என்கிறார். போன மாதம் வேறொரு ஆடியாலஜிஸ்ட் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். காதுக்குள் செருகிய எலெக்ட்ரோடு என்ற மெல்லிய கம்பியின் நுனி மடங்கியிருக்கிறதாம். மறுபடி ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் அம்மா, ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டின் பிரிஸ்கிரிப்ஷன் சட்டப்படி (வழக்குக்கான காலக்கெடுச் சட்டம்) இப்படிப்பட்ட வழக்குக்கு 3 ஆண்டுதான் கெடு. யார் மீது கோரிக்கை, என்ன நடந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். "எங்களுக்குப் போன மாதம்தானே தெரியும்" என்பீர்கள். எதிர்த்தரப்பு, "பேச்சு புரியவில்லை என்று அப்போதே தெரிந்ததே, நியாயமான அக்கறை இருந்தால் அன்றைக்கே விசாரித்திருக்கலாமே" என்று கேட்கும். இந்த வாதத்தில் சூதாட வேண்டாம். ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கிறது. வக்கீல் கடிதம் அனுப்பினால் கெடு நிற்காது. சம்மன் எதிராளியிடம் முறைப்படி சேர்ந்தால்தான் நிற்கும்.

சரி, இனி மருத்துவ விஷயம். காக்லியா என்பது உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழல். அதன் வாசல் பக்கத்தில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளும், உட்கோடியில் தாழ்ந்த ஒலிகளும் பதிகின்றன. அதனால்தான் எலெக்ட்ரோடில் நரம்பைத் தூண்டும் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் இருக்க வேண்டும். காக்லியாவில் ஸ்கேலா டிம்பானி என்ற கீழ் அறைக்குள் முழுக்க இருந்தால் நல்லது. எலெக்ட்ரோடு மேல் அறைக்குத் தாவிவிட்டவர்களின் பேச்சுப் புரிதல் மதிப்பெண் சராசரியில் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுனி மடங்கினால் இரண்டு புள்ளிகள் ஒரே நரம்புப் பகுதியைத் தூண்டி, ஒலிகளின் வரிசை குழம்பும்.

ஆனால் இருப்பிடம் மட்டுமே பலனைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை வருடம் கேட்காமல் இருந்தார், நரம்பு எப்படி இருக்கிறது, மேப்பிங் (ஒவ்வொரு புள்ளிக்கும் மின்அளவைச் சரிசெய்வது) எப்படிச் செய்தார்கள், எவ்வளவு பயிற்சி என்பதெல்லாம் சேரும். எலெக்ட்ரோடு சரியில்லாமலும் ஓரளவு நன்றாகக் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் எழுதிய "பத்து வருடமாகவே" என்ற சொல்லைத்தான் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், மடங்கியது என்றாலே கவனக்குறைவு ஆகிவிடாது. மிச்செல் எதிர் டிக்சன் வழக்கில் 1914-லேயே தீர்ப்பு வந்துவிட்டது: டாக்டரிடம் உச்சபட்சத் திறமையை எதிர்பார்க்க முடியாது, நியாயமான திறமையும் கவனமும் இருந்தால் போதும். எலெக்ட்ரோடு உள்ளே போவதை சர்ஜன் கண்ணால் பார்க்க முடியாது. நல்ல கைகளிலும் மடங்குவதுண்டு. கோயில் வாட்ஸ்அப் குழுவில் "கேஸ் போடு, கேஸ் போடு" என்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

என் கண்ணுக்குப் படுவது அதற்குப் பின் நடந்ததுதான். ஆபரேஷன் முடிந்ததும் படம் எடுத்தார்களா? எலெக்ட்ரோடின் மின்தடை சோதனை சரியாக இருந்தது என்று அவர்கள் சொல்லலாம், ஆனால் மடிப்பு அதில் தப்பிவிடக்கூடும். பேச்சு புரியவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் யாரும் ஒரு எக்ஸ்ரே கேட்கவில்லை என்றால், உங்கள் வழக்கின் பலம் அங்கேதான்.

"ஆபத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை" என்ற வாதமும் உண்டு. 1994-ஆம் ஆண்டின் காஸ்டெல் எதிர் டி கிரீஃப் தீர்ப்பு அதற்கு அடிப்படை. ஆனால் சொல்லியிருந்தால் உங்கள் கணவர் மறுத்திருப்பாரா? காது மெஷினும் கைவிட்ட நிலையில் மறுத்திருப்பார் என்று நீதிபதியை நம்ப வைப்பது கஷ்டம்.

இப்போது செய்ய வேண்டியது ஆவணம் திரட்டுவது. 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் மனு கொடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆபரேஷன் குறிப்பு, கருவியின் சீரியல் எண், ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த சோதனைகள், ஆரம்பத்திலிருந்து எல்லா மேப்பிங் பதிவுகள், பேச்சு மதிப்பெண்கள் வேண்டும். எக்ஸ்ரே விஷயத்தில் ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையே கேளுங்கள்.

மறு ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், உடம்பு முக்கியம். ஆனால் அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, அன்றைய மதிப்பெண்ணையும் பதிவு செய்யுங்கள். கழற்றிய கருவி தயாரிப்பாளரிடம் போனால் பரிசோதனை அறிக்கையின் நகல் வேண்டும் என்று முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். மறு ஆபரேஷனுக்குப் பின் மதிப்பெண் தெளிவாக ஏறினால், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தனியார் மருத்துவமனையில் சர்ஜன் பெரும்பாலும் மருத்துவமனையின் ஊழியர் அல்ல. எனவே வழக்கு அவர் மீது, தேவைப்பட்டால் மேப்பிங் செய்தவர் மீதும். இதே நிலையில் அரசு மருத்துவமனைக்குப் போனவர்கள் கவனிக்க: ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று ஒப்புக்கொள்ளும் வக்கீலும், 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது.

மறு ஆபரேஷனை இலவசமாகச் செய்கிறோம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருந்தால், உங்கள் வக்கீல் படிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.