2019 மாஸ்கோ தேர்தல்: ஐக்கிய ரஷ்யாவுக்குப் பூஜ்யமா, 25-ஆ?

கல்லூரிக் கட்டுரைக்கு அட்டவணை போடும்போது, 2019 மாஸ்கோ நகர டூமா (நகரச் சட்டமன்றம்) தேர்தலில் ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யாவுக்கு ஓரிடத்தில் பூஜ்யம், இன்னோரிடத்தில் 25 என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். அந்த வருஷம் கட்சிக்குப் பெயர் ரொம்பக் கெட்டிருந்தது, முக்கியமாக 2018-இல் ஓய்வூதிய வயதை உயர்த்திய பிறகு. அதனால் மாஸ்கோவில் அவர்களுடைய ஆட்கள் எல்லோருமே சுயேச்சையாக நின்றார்கள், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது; கட்சிக் கணக்கில் பூஜ்யம் என்பது அதனால்தான். 45 தொகுதியில் ஆளுந்தரப்பு ஆதரித்தவர்கள் 25 பேர் ஜெயித்தார்கள். மீதி மற்றக் கட்சிகளுக்கு: கம்யூனிஸ்ட் 13, யாப்லகோ 4, நீதியான ரஷ்யா 3.

கட்டுரையில் இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சேருங்கள், எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. சுயேச்சையாக நிற்கத் தொகுதி வாக்காளர்களில் 3 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும், அதாவது சுமார் ஐயாயிரம். ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் எண், முகவரி, கையால் எழுதிய தேதி. லியுபோவ் சோபல், இல்யா யாஷின் போன்ற எதிர்த்தரப்பு வேட்பாளர்கள் தெருவில் நின்று திரட்டியதில் பலவற்றைத் தேர்தல் அதிகாரிகள் செல்லாது என்று தள்ளி, அவர்களை நிற்கவே விடவில்லை, கையெழுத்துப் போட்ட ஆளே நேரில் வந்து 'என்னுடையதுதான்' என்று சொன்னாலும் எடுபடவில்லை. சோபல் உண்ணாவிரதமே இருந்தார். இதை எதிர்த்து நடந்த ஜூலை 27 போராட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் கைது.

அப்புறம்தான் எதிர்த்தரப்புத் தலைவர் அலெக்சி நவால்னியின் 'புத்திசாலி வாக்களிப்பு': யார் நின்றாலும் சரி, ஆளுந்தரப்பைத் தோற்கடிக்க வாய்ப்புள்ள ஒருவருக்கே போடுங்கள் என்றார். கம்யூனிஸ்டுகளுக்கு 13 கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அட்டவணையில் 'சுயேச்சை (ஆளுந்தரப்பு ஆதரவு) 25' என்று போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.