மாதிரி ராக்கெட் கிட் வாங்கிப் பறக்கவிட்ட அனுபவம் உண்டா? முதல்முறை செய்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உண்டு. டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்குப் பத்து வயதானபோது எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா கிட்டை வாங்கினேன். மொத்தம் மூன்று முறை பறந்தது. மூன்றாவது முறை போனது போனதுதான். ராக்கெட்டை மேலே கொண்டுபோவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அதைக் கீழே கொண்டுவரும் வேலைதான் நம் தலையில் விழுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

பெட்டிக்குள் ஓர் அட்டைக் குழாய், பால்சா மரத்தில் மூன்று வால் இறக்கைகள், மூக்குக் கூம்பு, ரப்பர் நாடா, பிளாஸ்டிக் பாராசூட் ஆகியவை இருந்தன. முழுதாக ஒட்டி முடித்தால் 31 செ.மீ. நீளம். கையில் வைத்தால் எடையே தெரியாது. மோட்டாரைத் தனியாக வாங்க வேண்டும்.

ஒட்டும் வேலையில் முதல் தொல்லை, குழாயின் மேல் நேர்கோடு போடுவது. உருண்டையான பொருளின் மேல் ஸ்கேல் நிற்காது. கதவு நிலையின் விளிம்புப் பள்ளத்தில் குழாயைப் பதித்து, அந்த விளிம்பையே ஸ்கேலாக வைத்துக் கோடு இழுங்கள், தப்பவே தப்பாது. இறக்கைகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு, மர வேலைக்கான சாதாரணப் பசையைத் தடவி ஒருமுறை அழுத்தி எடுத்துவிடுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி கொஞ்சம் பசை வைத்து ஒட்டினால் கையை எடுத்தாலும் சாயாமல் நிற்கும். காய்ந்தபின் இறக்கையும் குழாயும் சேரும் மூலையில் பசையை விரலால் ஒருமுறை வழித்துவிடுங்கள். உடனடியாகப் பிடிக்கும் பசையைப் போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றாள் மகள். எனக்கும் சபலம்தான், ஆனால் அந்தப் பசையில் கோணலாக ஒட்டியதைத் திருத்த முடியாது.

இறக்கை கோணலானால் என்ன என்று கேட்காதீர்கள். தீபாவளி ராக்கெட்டில் குச்சி செய்கிற வேலையை இங்கே இறக்கைகள் செய்கின்றன. குச்சி முறிந்த ராக்கெட் தெருவில் யார் வீட்டுக்குள் நுழைந்தது என்ற கதை எல்லாருடைய ஊரிலும் ஒன்று இருக்கும். காற்றின் அழுத்தம் ஒன்றுகூடும் மையம், எடை மையத்துக்குப் பின்னால் இருந்தால்தான் மூக்கு முன்னே போகும். சோதிப்பது எளிது. மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, ராக்கெட் சமநிலையில் தொங்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் சரி.

மோட்டாரின் மேல் ஏ8-3 என்பது போல ஒரு குறி அச்சிட்டிருக்கும். எழுத்து, மோட்டார் தரும் மொத்த உந்துதலை, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கினால் வருவதைச் சொல்கிறது. ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை; எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. 8 என்பது நியூட்டன் கணக்கில் சராசரி உந்துவிசை. கடைசியில் உள்ள 3 தான் நமக்கு முக்கியம்: எரிந்து முடிந்தபின் 3 விநாடி கழித்து ஒரு சிறு வெடி முன்பக்கமாக வெடித்து, மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே வீசும். சீக்கிரம் வெடித்தால் வேகத்தில் பாராசூட் கிழியும். தாமதமானால் தலைகீழாக இறங்கும்போது திறக்கும். மோட்டாரை நீங்களே செய்ய நினைக்கவே நினைக்காதீர்கள். எஸ்டெஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வெர்ன் எஸ்டெஸ் 1950-களின் இறுதியில் மோட்டார் செய்ய ஓர் இயந்திரத்தை உருவாக்கி அதற்கு மேபெல் என்று பெயரிட்டார். வெடிமருந்தை அடைக்கும் ஆபத்தான வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால்தான் இது குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடிய பொழுதுபோக்கானது.

முதல் ஏவுதலில் ஐந்திலிருந்து எண்ணி மகள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏவும் கருவியிலிருந்து சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி கழித்துத்தான் அருகே போக வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று அன்று தெரிந்தது. பற்றவைக்கும் கம்பியில் மாட்டிய இரண்டு கிளிப்புகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. விலக்கி மாட்டி, 5 மீட்டர் தள்ளி வந்து மறுபடி அழுத்தினோம். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்; கண் அதைத் தேடுவதற்குள் அது மேலே புள்ளியாகிவிட்டது. பாராசூட் விரிந்து ராக்கெட் புல்வெளியிலேயே வந்து இறங்கியது. மோட்டார் கூட்டை எடுத்து முகர்ந்தால் அப்படியே தீபாவளிக் காலை வாசனை.

இரண்டாவது முறை பாராசூட் திறக்கவில்லை. குளிர்ந்த காலை, மடித்த பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டுவிட்டது. போதாததற்கு, மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவே வைக்கிற தீப்பிடிக்காத தாளை நான் சிக்கனமாக ஒன்றே ஒன்று வைத்திருந்தேன்; ஓரம் உருகியிருந்தது. மூன்று நான்கு தாள்களைக் கசக்கித் தளர்வாக வையுங்கள். பாராசூட்டில் முகப் பவுடரைத் தூவி, ஏவுவதற்குச் சற்று முன்னால் மடியுங்கள். காய்ந்த புல் உள்ள இடத்தில் ஏவவே வேண்டாம்.

மூன்றாவது முறைக்கு, மகள் ஆசைப்பட்டாள் என்று சி6-5 போட்டேன். ஆசை எனக்கும்தான். அது ஏறக்குறைய 300 மீட்டர் போகும். பாராசூட் விநாடிக்கு 4 மீட்டர் இறங்குகிறது, காற்றும் விநாடிக்கு 4 மீட்டர் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு உயரம் போனதோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய் விழும். எங்கள் மைதானம் அதில் பாதிகூட இல்லை. மரங்களுக்கு அப்பால் ஆரஞ்சு நிறப் பாராசூட் மெதுவாக, மிக அழகாக மறைந்தது. சிறிய இடம் என்றால் ஏ மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது பாராசூட்டின் நடுவில் ஒரு வட்டத்தை வெட்டிவிடுங்கள், வேகமாக இறங்கும்.

ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: கிட்டை விமானத்தில் எடுத்துப் போகலாம், மோட்டாரைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. மதுரையில் அண்ணன் மகனுக்குக் கொடுத்த கிட், டிவிக்குப் பக்கத்தில் அழகாக நின்றுகொண்டிருக்கிறது. "இது எப்போது பறக்கும் சித்தப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.

எங்களுடைய தொலைந்துபோன ராக்கெட்டில், ஏவுவதற்கு முன்பே, என் தொலைபேசி எண்ணை மகள் மார்க்கரால் எழுதியிருந்தாள். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்னும் அவள்தான் ஓடிவந்து எடுக்கிறாள்.