குழாயை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து. 36 வயதுக் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. சிறுநீர்க் குழாய் போடுவது உட்பட எல்லாம் நான்தான், தூக்கமே இல்லை. மாமியாரோ சூட்டு ஒத்தடத்துக்கு ஆள் கூட்டி வருகிறார். என்ன செய்வது?
- வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, அந்தக் குழாயை முதலில் அவர் கையில் கொடுங்கள். கைகள் இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன! தாதியிடம் ஒரு தடவை முறையாகக் கற்கட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, குழாயில் ஜெல் தடவி, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை எடுக்க வேண்டும். ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம். குழாய்த் தொல்லைக்குப் பயந்து பலர் நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். தொற்றும் கல்லும் அப்படித்தான் வருகின்றன. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்தால் போதும். காய்ச்சலோடு சிறுநீர் கலங்கினால் அன்றே மருத்துவரிடம்.

அடுத்து, தோல். நாம் உட்கார்ந்தால் வலித்து நெளிவோம். அவருக்கு வலி தெரியாது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல் அழுகும். அதனால் சக்கர நாற்காலியில் அரை மணிக்கொரு தடவை, கைப்பேசியில் அலாரம் வைத்து, மார்பு தொடையில் படக் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கட்டும். காலையும் இரவும் நீண்ட பிடிக் கண்ணாடியில் பிட்டம், வால் எலும்பு, குதிகால் மூன்றையும் அவரே பார்க்கட்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் வேண்டாம். கார் டியூப் வளையத்தை இருக்கையாகப் போடாதீர்கள், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் அது நிறுத்தும்.

நாற்காலி வாங்குமுன் குளியலறை வாசலை அளந்துவிடுங்கள். அடுக்குமாடியில் பலருக்கு இடிப்பது அங்கேதான்.

பணம்: வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தும் சொக்சோவில் (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலை விபத்துதான். முதலாளி அறிவித்தாரா என்று உடனே கேளுங்கள், போலீஸ் புகார் நகலை வைத்திருங்கள். மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டமும் அவர்களிடம் உண்டு, கேட்டுப் பெறுங்கள். சமூகநலத் துறையில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும் பதியுங்கள்.

ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அழுத்திப் பிடித்தால் மெலிந்த எலும்பு முறியலாம். அதற்காக மாமியாரை விரட்டாதீர்கள். மூட்டுகள் இறுகாமல் கால்களை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சியை பிசியோவிடம் (இயன்முறை சிகிச்சையாளர்) மாமியாரும் கற்கட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் தொடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் பூசியே தீருவேன் என்றால் பூசட்டும், சூடு பண்ணாமல்.