மேம்பாலம் ஏற எத்தனை பல் வேண்டும்?

கேள்வி: காய்கறி விற்பதற்காக மூன்று சில்லு மிதிவண்டியொன்றை வீட்டிலேயே கட்டியிருக்கிறேன். ஆளும் சரக்குமாக 250 கிலோ வரும். பின்சில்லுகள் 20 அங்குலம். முன்பல் 44, பின்பல் 18. சமதரையில் ஓடும் வண்டி ஒருகொடவத்தை மேம்பாலத்தில் நின்றுவிடுகிறது. எதை மாற்றுவது?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பல்லை எண்ணுவதற்கு முன், உங்கள் காலின் வலுவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். உடல்நலமுள்ள ஒருவர் அதிகம் களைக்காமல் தரக்கூடியது ஏறத்தாழ 100 வாற்று. 20 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவென்று வைத்துக்கொண்டால், 250 கிலோவை மேலே கொண்டுபோக, சில்லுகளின் உருளல் தடையையும் சேர்த்து, சுமார் 150 நியூற்றன் விசை தேவைப்படும். அந்த வலுவுக்கு மணிக்கு 2.4 கிலோமீற்றர் வேகமே கிடைக்கும். (இரண்டு சில்லு வண்டியானால் இவ்வேகத்தில் சாய்ந்துவிடும், உங்களுடையது நிற்கும்.) நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது, ஒரு சுற்றுக்கு வண்டி 67 சென்ரிமீற்றர்தான் நகரவேண்டும். இப்போதோ 3.7 மீற்றர் நகரப் பார்க்கிறது. அதாவது ஐந்து மடங்குக்கும் அதிகம்.

சில்லின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் என்பதால், உங்களுக்கு வேண்டிய விகிதம் (முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் வருவது) 0.45. ஒரே சங்கிலியில் இதை எட்டுவது கடினம். பழைய மவுண்டன் சைக்கிளின் பின் ஹப் (சில்லின் நடுக்குடம்) ஒன்றை, மிதிகளுக்கும் பின்சில்லுக்கும் நடுவே இடைத்தண்டாகப் பொருத்துங்கள். மிதியில் 22 பல், ஹப்பில் 11 முதல் 34 வரையுள்ள பற்கூட்டம். டிஸ்க் பிறேக்குக்கான 6 துளைகளில் இன்னொரு பற்சில்லைப் பூட்டி, அங்கிருந்து இரண்டாவது சங்கிலியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகலாம்.

பலரும் தவறுவது இந்த இரண்டாவது சங்கிலியில்தான். ஹப்பில் 14, பின்சில்லில் 20 என்றாலும், 21க்கு 30 என்றாலும் விகிதம் ஒன்றே, 0.7. முதல் சங்கிலியின் 22க்கு 34 உடன் இதைப் பெருக்கினால் வேண்டிய 0.45 கிடைக்கும். ஆனால் 50 கிலோ எடையை மிதியில் ஊன்றும்போது, 14 பல்லில் அச்சங்கிலி 4,500 நியூற்றனுக்கு மேல் இழுபடும். 21 பல்லில் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சைக்கிள் சங்கிலி அறாமல் தாங்கவேண்டிய குறைந்தபட்ச விசை சுமார் 8,000 நியூற்றன். தேய்ந்த சங்கிலி அதையும் தாங்காது. ஆகவே பெரிய பற்களையே தெரிவுசெய்யுங்கள், சங்கிலியையும் புதிதாகவே வாங்குங்கள்.

பிறேக்கை ஒருபோதும் இடைத்தண்டில் வைக்காதீர்கள். ஏற்றத்தின் நடுவில் சங்கிலி அறுந்தால் வண்டி பின்னோக்கி உருளும். அப்போது அதைப் பிடித்து நிறுத்தக்கூடியது தரையில் ஓடும் சில்லுகளில் உள்ள பிறேக் மட்டுமே.