மல்லித்தழை பத்து ரூபாய், டப்பா 849 ரூபாய்

கேள்வி: வாரத்துக்கு ஒரு தடவைதான் சந்தைக்குப் போக முடிகிறது. வாங்கி வந்த மல்லித்தழை நாலாம் நாளே கொழகொழவென்று ஆகிவிடுகிறது. அடியில் தண்ணீர் ஊற்றித் தழையை நட்டமாக நிறுத்தி வைக்கிற டப்பா ஒன்று ஆன்லைனில் 849 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (பெருந்துறை வாசகி)

பதில்: வேண்டாங்க அம்மிணி. அந்த டப்பா செய்கிற வேலையை ஒரு டம்ளர் தண்ணீரும் மேலே கவிழ்த்த ஒரு பாலித்தீன் பையும் செய்துவிடும். உங்களுக்குத் தழை கெடுவது டப்பா இல்லாததால் இல்லை, வாங்கும்போதே அது பாதி கெட்டிருக்கிறது.

கட்டைக் கையில் எடுத்ததும் வாழைநாரோ ரப்பர் பேண்டோ போட்டிருக்கிற இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே பிசுபிசுவென்று இருந்தால், நடுவில் ரெண்டு மஞ்சள் இலை மசிந்து கிடந்தால், மேலே எவ்வளவு பச்சையாக நின்றாலும் அந்தக் கட்டு தேறாது. வெயில் ஏற ஏற வாடாமல் இருக்கக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் போய் வேலையைக் காட்டுகிறது. நான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போவது இதற்காகத்தான். தெளிக்காத கட்டு அப்போதுதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டைப் பிரிப்பது. கழுவாதீர்கள். மஞ்சளையும் ஒடிந்ததையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஈரமிருந்தால் ஃபேனுக்கடியில் அரைமணி நேரம் பரப்பி வையுங்கள். அப்புறம் பழைய வேட்டித்துண்டில் தளர்வாகச் சுருட்டி டப்பாவில் வைத்து, ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை துணி நமத்திருந்தால் மாற்றினால் பத்து நாள் தாராளமாக வரும். வேரையும் தடித்த தண்டையும் எறிய வேண்டாம், செலவு ரசத்துக்கு (மிளகு, சீரகம் மாதிரி செலவுச் சாமான் போட்டு வைக்கிற ரசம்) தட்டிப் போட்டால் அதன் வாசனையே தனி.

அதுக்கும் மேலே மிஞ்சுகிறதா? தொக்கு பண்ணிவிடுங்கள். புளி, வரமிளகாய், உப்போடு அரைத்து நல்லெண்ணெயில் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிண்டினால், ஈரக் கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் நிற்கும். நறுக்கி ஃப்ரீசரில் வைக்கலாம்தான், ஆனால் வெளியே எடுத்ததும் துவண்டுவிடும். குழம்பில் கொதிக்கப் போடலாம், அரிசிம்பருப்பு சாதத்துக்கு மேலே தூவ ஆகாது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை மரம் இருக்கிறது, வெட்ட வெட்ட வருகிறது. காய்கறி உலர்த்துகிற மெஷின் வாங்கி மல்லி, புதினா எல்லாவற்றையும் சேர்த்து உலர்த்தி வைக்கலாமா?

பதில்: எங்க நங்கையா (அண்ணி) இப்படித்தான் ஒன்று வாங்கினார். இப்போது அது பரணில் இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 400 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் 3.2 யூனிட், கரண்ட் பெரிய செலவில்லை. விஷயம் தழையில் இருக்கிறது. மல்லித்தழையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ போட்டால் 150 கிராம் சருகுதான் கையில் நிற்கும், மல்லியின் வாசனையோ காற்றில் பறந்துவிடுகிற வகை, சூடு பட்டதும் பெரும்பாலும் போய்விடும். மிச்சம் வைக்கோல் மாதிரி ஒன்று. கறிவேப்பிலை அப்படியில்லை, தண்ணீரும் குறைவு, காய்ந்தாலும் கொஞ்சம் மணம் நிற்கும். ஆனால் அதற்கு மெஷின் எதற்கு? உருவிக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் மூணு நாலு நாள் பரப்பி வைத்தால், கையில் எடுத்து நொறுக்கும்போது சரசரவென்று சத்தம் வரும். அதுதான் பதம். நேர் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துப் பழுப்பாகிவிடும்.

தாளிக்க வேண்டும் என்றால் காய வைப்பதைவிட ஃப்ரீசரே மேல். உருவிய இலையைத் துளி ஈரமில்லாமல் இறுக்கமான டப்பாவில் வைத்து, அப்படியே எடுத்து எண்ணெயில் போடலாம். கொஞ்சம் கருத்துப்போகும், வாசனை இருக்கும். ஐஸ் ஒட்டியிருந்தால் எண்ணெய் மூஞ்சிக்குத் தெறிக்கும், தட்டு மூடிக்கொண்டு போடுங்கள்.

வீட்டு மரம் இருக்கிறவர் கொடுத்துவைத்தவர். கடைக் கறிவேப்பிலைதான் வாங்குகிறீர்கள் என்றால், காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிராகி வருகிற அந்த இலையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பது கேரளாக்காரர்கள் செய்த சோதனைகளில் பலமுறை தெரிந்திருக்கிறது. கால் மணி நேரம் புளித்தண்ணீரில் ஊற வைத்து, அப்புறம் ரெண்டு தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பது பெரும்பாலும் போகும், இலைக்குள் ஏறினது போகாது.

கேள்வி: கறிவேப்பிலைப் பொடி என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். பருப்புப் பொடி மாதிரிதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கரூர்)

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் போட வேண்டும், அது சட்டம். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய் எல்லாம் முன்னால் நின்று கறிவேப்பிலை நாலாவதாக இருந்தால், நீங்கள் வாங்கினது பருப்புப் பொடிதான், முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணே (உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருகிற உரிம எண்) இல்லை என்றால் அடுத்த தடவை அந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ரோஸ்மேரிச் செடி வாங்கினேன், வரும்போதே கருகிக் கிடந்தது. செடிக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள்.

பதில்: கெட்டுப்போன பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்கிறவர் சொல்ல 2020 மின்வணிக விதிகளில் இடமில்லை. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் பிரித்தபோது எடுத்த படத்தோடு எழுதுங்கள், 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். இனி பார்சலைக் கத்தரி வைக்கிறபோதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் பாஸ்தா கேட்கிறார்கள். பேசில் இலை சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பெட்டி அநியாய விலை. ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே கருக்கிறது.

பதில்: குளிர் அதுக்கு ஆகாது. தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள். இன்னொன்று, பேசிலும் நம்ம திருநீற்றுப்பச்சிலையும் ஒரே செடி இனம், சப்ஜா விதையும் அதிலிருந்துதான் வருகிறது. சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினாலே முளைக்கும். மணம் கொஞ்சம் காரமாக இருக்கும், அதனால் பாதி அளவு போடுங்கள். ஆரிகானோவுக்குப் பதில் ஓமவல்லி இலை ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பூக்கடையில் திருநீற்றுப்பச்சிலை கேட்கப் போனால் மட்டும் ஜாக்கிரதை, மரிக்கொழுந்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அது வேற செடி.