மா, வேலி, பசலி

அன்புள்ள ஐயா,

வரலாற்று வியூகக் கணினி விளையாட்டுகளைப் பள்ளி நாளிலிருந்து ஆடி வருகிறேன். 2021இல் வந்த ‘ஹியூமன்கைண்ட்’டில் யுகத்துக்கு ஒரு பண்பாடாக எடுத்து அடுக்கிக்கொண்டு போகலாம். 2025இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’இல் சோழர் இரண்டாம் யுகத்தில் வருகிறார்கள். ஆசையாக ஆடினேன். யுகம் முடிந்ததும் அவர்களை விட்டுவிட்டு வேறு நாடாக மாற வேண்டியிருந்தது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே நாடாக இருப்பதே சரி என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதுவும் ஒட்டவில்லை. நம் டெல்டாவை வைத்து ஒரு விளையாட்டில் பண்பாடு மாறுவதை எப்படி வடிவமைக்கலாம்?

ஒரு வாசகர், மன்னார்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

நாடு மாறத்தான் செய்யும். மொழி, வயல், கோயில், பாட்டு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து மாறுவதாக வைக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் வந்தார்கள், அவையில் தெலுங்கு ஏறியது. 1670களில் மராட்டியர் பிடித்தார்கள். விளையாட்டாக இருந்தால் அன்றைக்கே வரைபடத்தில் நிறம் மாறியிருக்கும். ஆனால் மராட்டிய மன்னர் சகஜி தெலுங்கிலேயே ‘பல்லக்கி சேவா பிரபந்தம்’ எழுதினார். நாயக்கர் ஆட்சி போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் திருவையாற்றில் தியாகராஜர் தெலுங்கில் பாடினார். வென்றவர்கள் பழைய அவையின் மொழிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்புறம் வயல். என் அப்பா கடைசி வரை நிலத்தை மாக்கணக்கில்தான் சொல்வார். இருபது மா ஒரு வேலி. சோழர் கல்வெட்டுகளிலும் இதே வேலியும் மாவும்தான். அதே நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கு வாங்கினால் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், வருஷம் பசலியில் இருக்கும். பசலி, முகலாயர் வருவாய்க் கணக்கிலிருந்து வந்தது. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. மூன்று காலத்துக் கணக்கு ஒரே வயலில் நிற்கிறது.

நான் செய்தால் நாட்டுக்கு ஒரு பண்பாடு என்ற பெட்டியையே எடுத்துவிடுவேன். அவைமொழி, நிலக்கணக்கு, வழிபாடு, தொழில், பாட்டு என்று தனித்தனி இழைகள். ஒவ்வொன்றையும் சுமக்க ஆட்கள் வேண்டும்: புலவர், கணக்குப்பிள்ளை, நெசவாளர், ஓதுவார். அரசனால் இழையை நேரே மாற்ற முடியாது. ஆட்களை அழைத்துக் குடியமர்த்தலாம், மானியம் தரலாம், வரி போட்டு விரட்டலாம். ‘குரூசேடர் கிங்ஸ் 3’ விளையாட்டு கலப்புப் பண்பாட்டைக் கொண்டுவந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கேயும் மன்னர் புள்ளிகளைச் செலவழித்து முடிவெடுத்தால் புதுப் பண்பாடு பிறந்துவிடுகிறது. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களை அப்படி யாரும் உண்டாக்கவில்லை. தொழிலோடு வந்தார்கள். வீட்டில் சௌராஷ்டிரம், கடைவீதியில் தமிழ்.

மானியத்துக்கு நிறைய இடம் கொடுங்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். வேற்றுச் சமயம் என்றால் மதம் மாற்று, இல்லையென்றால் பொறுத்துக்கொள் என்று இரண்டே பொத்தான் வைக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். கொடுப்பதும் ஒரு வழி. கொடுத்தால் அந்தத் துறைமுகத்து வணிகர்கள் தங்குவார்கள் என்று விதி எழுதலாம்.

இழை அறுவதும் வேண்டும். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினார். ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்கு மானியமானது. காலப்போக்கில் அதைச் சுமக்க ஆள் இல்லாமல் போனது. அந்த ஊரில் மிஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தையும் 1867இல் இடித்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, நிரல் எழுதுவது பிறகு. முதலில் காகிதத்தில் போடுங்கள்: ஐந்து இழைகள், நாலு வகை ஆட்கள், தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று மூன்று ஊர்கள். நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டியரை உள்ளே விட்டு ஐம்பது சுற்று ஓட்டுங்கள். எந்தச் சுற்றில் தெலுங்கு அவையை விட்டுப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.