சீட்டில் ஏறாத 24 கிலோ

வணக்கம் ஐயா,

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அப்பா ஒன்றரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறார். மூட்டைக்கு 40 கிலோ பிடித்து, சாயங்காலம் வேனில் ஏற்றி மதுரையில் ஒரு கமிஷன் கடைக்கு அனுப்பிவிடுவார். மறுநாள் வேன்காரர் கையில் சீட்டும் பணமும் வரும்.

போன வாரம் லீவில் ஊருக்குப் போனபோது ஒரு சீட்டைப் பார்த்தேன். 12 மூட்டை, 456 கிலோ, கிலோ 8 ரூபாய், ஆக 3,648 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் 365, வேன் வாடகை 600, இறக்குக்கூலி 144 போக 2,539. காய் பறித்த ஐந்து பேருக்கு 1,500 கொடுத்தது போக மிச்சம் 1,039 ரூபாய். உரம், மருந்து எல்லாம் தனி. அதே வாரம் சென்னையில் நான் கத்தரிக்காய் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினேன்.

அப்பாவுக்கு விவரம் போதாது. இந்த இடைத்தரகர்களை ஒழிக்க என்ன வழி? உழவர் சந்தைக்கு மாறச் சொல்லலாமா? செயலி வழியாக நேரடியாக விற்கலாமா? குளிர்பதனக் கிடங்கு இருந்தால் பிரச்சினை தீருமா?

ஆர்., சென்னை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்விகளை விட்டுவிட்டு, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு கணக்கிலேயே என் மனம் நின்றுவிட்டது. மூட்டைக்கு 40 கிலோ என்றால் 12 மூட்டைக்கு 480. சீட்டில் இருப்பது 456. கமிஷனைக் கணக்குப் பார்த்தீர்கள், வாடகையைக் கணக்குப் பார்த்தீர்கள். இந்த 24 கிலோவை எப்படி விட்டீர்கள்?

அதற்குப் பெயர் கழிவு. மூட்டைக்கு இரண்டு கிலோ. கேட்டால் சாக்கு எடை என்பார்கள், ராத்திரியில் காய் வற்றும் என்பார்கள், சொத்தைக்காய் இருக்கும் என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சாக்குக்கு முக்கால் கிலோ போகட்டும், வற்றலுக்கும் ஏதோ போகட்டும். ஆனால் எந்த மூட்டையைத் தூக்கிப் போட்டாலும் சரியாக இரண்டு கிலோதான் வற்றுமா? நாலைந்து நாளைக்கு ஒரு பறிப்பு என்று வைத்தால், ஒரு போகத்துக்கு 20 பறிப்புக்குக் குறையாது. 20 பறிப்புக்கு 24 கிலோ வீதம் 480 கிலோ. உங்கள் அப்பா வருஷத்தில் ஒரு முழு லோடை, பறிகூலி கொடுத்து, வேன் வாடகையும் கொடுத்து, சும்மா கொடுத்துவிடுகிறார். கமிஷன் 365 ரூபாய் கண்ணுக்குத் தெரிகிறது. சீட்டில் இருப்பதால் அதை வைத்து நீங்கள் எனக்குக் கடிதம் எழுத முடிந்தது. கழிவு சீட்டிலேயே ஏறுவதில்லை. எழுதாத ஒன்றை வைத்து யாரிடம் போய் நியாயம் கேட்பது?

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் சென்ட்ரல் மார்க்கெட் இருந்த காலம். இப்போது அங்கே அடுக்கு வாகன நிறுத்தம் நிற்கிறது, காய்க்கடைகள் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டன. எனக்குப் பதினொரு வயது இருக்கும். அப்பாவோடு லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், காலுக்குக் கீழே முட்டைக்கோஸ் இலை மிதிபட்டு வழுக்கியது. எடை போடுகிறவர் முதல் மூட்டையைத் தராசில் வைத்ததும் 'ஒன்று' என்று சொல்லவில்லை, 'லாபம்' என்று ராகமாகச் சொன்னார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது.

தராசுக்குப் பக்கத்தில் ஒரு பனங்கூடை இருந்தது. ஒவ்வொரு மூட்டை வாயையும் அவிழ்த்து, காயைப் பார்க்கிற மாதிரி பார்த்து, இரண்டு கை காய் அந்தக் கூடைக்குப் போனது. எங்கள் மூட்டையில் மட்டுமில்லை, வருகிற எல்லார் மூட்டையிலும். கூடை நிறைந்ததும் ஒரு பையன் வந்து பின்னால் சாக்கில் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் திரும்ப வைத்தான். நாங்கள் அங்கே நின்ற நேரத்துக்குள் மூன்று சாக்கு கட்டிவிட்டார்கள். அந்த மூன்று சாக்கும் எந்தத் தோட்டத்தில் விளைந்தது?

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டை என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்துவிட்டு, 'வீட்டுல நாப்பது கிலோ இருந்துச்சேப்பா' என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா என் தோளை அழுத்தினார், வலிக்கிற அளவுக்கு. கிணற்று மோட்டார் எரிந்தபோது காயில் கழிப்பதாகச் சொல்லி அந்தக் கடையில் வாங்கிய முன்பணம் இன்னும் தீரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. வெளியே வந்து டீயும் பன்னும் வாங்கித் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'நாளைக்கும் இங்கதான்டா வரணும்.'

அதனால் தம்பி, அப்பாவுக்கு விவரம் போதாது என்று இனி எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. என் அப்பாவுக்கு எழுத்துத்தான் தெரியாது, கிலோ தெரியும். உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே தெரியும். நீங்கள் ஒரு கம்பெனிப் பங்கு வாங்கி வைத்தால், மதுரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் நிமிஷத்துக்கு நிமிஷம் போனில் அதன் விலை தெரியும். விலை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு விற்கலாம். உங்கள் அப்பா ஏற்றிவிட்ட காய் எந்த விலைக்குப் போகும் என்று அவர் தூங்குகிற நேரத்தில் வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள். அன்றைக்குக் கர்நாடகத்துக் கோலாரிலிருந்தும் ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தும் எத்தனை லாரி தக்காளி வந்து இறங்கியது என்பது வலையப்பட்டியில் தக்காளி பறிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? விலை பிடிக்கவில்லை என்று சொல்லிக் காயைத் திருப்பி ஏற்ற முடியாது. திரும்புகிற வாடகை காயைவிட அதிகம், மறுநாள் அது சுருங்கிப் போயிருக்கும். விற்க வந்த சரக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாதவருக்குப் பேரம் பேச என்ன இருக்கிறது? அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பது விவரம் தெரிந்ததால்தான்.

இடைத்தரகரை ஒழிப்பது பற்றி ஒரு வார்த்தை. கமிஷன் கடை இல்லாவிட்டால் ஒரு ராத்திரிக்குள் அத்தனை காயையும் எடுத்து, மதுரை முழுக்கப் பிரித்துக் கொடுத்து, மறுநாள் பணமும் தருவது யார்? வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் நாலு நாளில் பணம் புரட்ட எந்த பாங்க் வந்து நிற்கும்? நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் எல்லாவற்றையும் எழுதிக் கணக்கு காட்டட்டும் என்பதுதான் என் வழக்கு. முன்பணம் கொடுத்தவரே எடையும் போட்டு, விலையும் சொல்லி, சீட்டும் எழுதினால் அதில் தப்பு நடக்கத்தான் செய்யும்.

உழவர் சந்தைக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. நல்ல காரியம். கொஞ்ச நிலத்தில் கீரையும் கொத்தவரையும் போட்டு, தினம் ஐம்பது அறுபது கிலோ கொண்டுவரும் அம்மாக்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் 480 கிலோ கத்தரிக்காயை உங்கள் அப்பா அங்கே தனியாக உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்று முடிக்க முடியாது. இன்னொன்று, அங்கே விலைப் பலகையில் எழுதுகிற விலையே மொத்த மார்க்கெட் விலையைப் பார்த்து, அதற்கு மேல் சுமார் இருபது சதவீதம் வைத்துத்தான் எழுதுகிறார்கள். ராத்திரி கமிஷன் கடையில் எட்டு ரூபாய் என்றால் அந்த எட்டை வைத்துத்தான் காலையில் உழவர் சந்தைப் பலகையிலும் விலை எழுதுவார்கள்.

செயலி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் ஒருவர் எடை போடத்தான் வேண்டும். குளிர்பதனக் கிடங்கு கத்தரிக்காய்க்கு அவ்வளவாக ஆகாது. ரொம்பக் குளிரில் வைத்தால் தோல் குழி விழுந்து உள்ளே கறுத்துவிடும்.

கழிவு நேற்று முளைத்ததும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில், 1928இல் வந்த அரச வேளாண் ஆணைய அறிக்கையே சந்தைகளில் எடையிலும் பிடித்தத்திலும் விவசாயி இழப்பதைச் சொல்லி, முறைப்படுத்திய சந்தைகள் வேண்டும் என்றது. 1933இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டது, வணிகப் பயிர்களுக்காக. பருத்தி, நிலக்கடலை, புகையிலை. இன்றும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லையும் பருத்தியையும் பார்க்கலாம். அன்றன்றைக்கு அழுகுகிற காய் கமிஷன் கடைக்குத்தான் போகிறது. தக்காளியில் சாப்பிடுகிறவர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குச் சேருவது சுமார் 33 காசு என்று 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத் தாள் சொன்னது. அந்த 33 காசுக் கணக்கு, எடை சரியாக இருந்தால்.

எடைக்கு மட்டும் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் காய்க்கடைக்கும் சேர்த்துத்தான். மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசு சரியாகத்தான் காட்டும், 40 என்று காட்டும். 38 என்று எழுதுவது கைதான். அதனால் எழுதுகிற கைக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். எத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிறீர்கள் தம்பி? ஒரு ராத்திரியாவது அப்பாவின் மூட்டைகளோடு அந்த வேனில் ஏறியிருக்கிறீர்களா? சண்டை போட வேண்டாம். எடை போடும்போது பக்கத்தில் நின்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். மூட்டை ஒன்று, 40. மூட்டை இரண்டு, 39.8. கழிவு என்றால் அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், 'கழிவு 24 கிலோ' என்று. அவ்வளவு போதும். அதற்கு முன்னால் அந்தக் கடையில் அப்பாவுக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். முடிந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

அடுத்த பறிப்பு என்றைக்கு என்று எழுதுங்கள். சமயநல்லூர் பைபாஸில் எத்தனை மணிக்கு நின்றால் வேன் வரும் என்றும் எழுதுங்கள். நானும் ஏறிக்கொள்கிறேன்.